மற்றப் பக்கம்

திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன. மேலே உபுண்டு, கீழே விண்டோஸ்.

"எந்தப் பக்கம் வேணுமோ, அதுல வச்சித் தட்டுங்க தங்கச்சி" என்றார் கணினிக் கடை அழகரத்தினம் அண்ணன்.

மேலே இருந்ததில் வைத்துத் தட்டினேன். திரை கறுத்தது. பிறகு வெளித்தது.

இந்தப் பக்கம் எனக்கு மட்டும். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு மட்டும் என்று வீட்டில் இருந்தது பல் துலக்கும் பிரஷ் ஒன்றுதான்.

விண்டோஸ் பக்கத்தில் என் கணவர் உதயரூபன் ஓர் அன்டிவைரஸ் போட்டு வைத்திருக்கிறார். அவர் அதை அப்படித்தான் சொல்வார். அது ஒருநாளும் வைரஸ் பிடித்ததில்லை. நான் தட்டும் எழுத்துகளைப் பிடித்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பும்.

எனக்கு அது தெரியவந்ததே ஒரு கதை. பெண் சட்டத்தரணி ஒருவருக்கு, நாளைக்கு வந்து சந்திக்கலாமா என்று எழுதினேன். மறுநாள் கிரான் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், மோட்டார் சைக்கிள் முன்னால் வந்து நின்றது. "மட்டக்களப்புக்கா? சட்டத்தரணியத்தானே பாக்கப் போறாய்? ஏறு" என்றார். ஆட்கள் பார்க்கச் சிரித்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

வலது கைச் சுண்டுவிரல் இன்னும் மடங்காது. அது இல்லாமல் தட்டப் பழகிவிட்டேன்.

வீடு என்னுடையது. அம்மா சீதனமாகத் தந்தது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், ஆகவே வெளியே போக வேண்டியவரும் அவர்தான். அதற்கு நீதிமன்றம் உத்தரவு தர வேண்டும். உத்தரவு கேட்க, நடந்ததையெல்லாம் நான் சட்டத்தரணிக்கு எழுதி அனுப்ப வேண்டும். எனக்கென்று கைப்பேசி கிடையாது. தட்டச்சு வேலைக்காக விட்டு வைத்த இந்த லப்டொப் ஒன்றுதான் மிச்சம்.

வழி சொன்னவள் யசோதினி. கம்பஸில் படிக்கிறாள்; கட்டுரைகளை என்னிடம்தான் தட்டச்சுக்குத் தருவாள். ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு பக்கம் வைக்கலாம், அந்தப் பக்கத்தில் போட்டது இந்தப் பக்கத்தில் வேலை செய்யாது என்றாள்.

அவர் பயிற்சி என்று கொழும்புக்குப் போன கிழமையாகப் பார்த்து லப்டொப்பை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தேன். கிரானிலும் வாழைச்சேனையிலும் கடைக்காரர்கள் எல்லாரும் அவருக்குக் கூட்டாளிகள். மட்டக்களப்பில் என்னை யாருக்கும் தெரியாது.

ஆனால் லப்டொப்பைக் கையில் வாங்கியதுமே அழகரத்தினம் அண்ணன், எந்த ஊர், என்ன குடி என்று கேட்டார். கேட்டால் சொல்லிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். தாய்வழியில் இரண்டு பேரும் ஒரே குடி. அப்படியென்றால் அண்ணன், தங்கச்சி முறை. உடனே கதிரையைத் துடைத்துப் போட்டார். மாப்பிள்ளை யார் என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். கூடப்பிறந்த அண்ணன் இல்லாதவள் நான். அன்று லப்டொப்பைக் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போகும்போது மனதுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. இன்றைக்கு அதை எடுக்க வந்திருக்கிறேன்.

"தமிழ் ஒழுங்கா வருதா எண்டு எழுதிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வேறொரு கணினியைக் கழற்றிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

எதை எழுதுவது என்று யோசிக்கவில்லை. விரல்கள் எழுதிவிட்டன.

'மேடம், என் கணவர் என்னை அடிக்கிறார். அவரை என் வீட்டிலிருந்து வெளியேற்ற உதவி செய்யுங்கள்.'

ஓர் எழுத்தும் பிசகவில்லை. என் கதையை முதல்முறையாக நானே வாசித்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வார்த்தை கேட்டேன்.

"அண்ணன், அந்த அன்டிவைரஸ் இந்தப் பக்கத்தில இல்லத்தானே?"

அவர் சந்தோஷமாகத் திரும்பினார்.

"அத நான் விடுவனா புள்ள? ஒரு பக்கத்துக்குப் போட்டுட்டு மற்றப் பக்கத்த வெறுமனே விட மனம் கேக்கல்ல. இந்தப் பக்கத்துக்கும் அத எங்க எடுக்கலாமெண்டு கேக்க, கிரான்ல நம்மட ஆக்களுக்கிட்ட நம்பர் வாங்கி மச்சானுக்குக் கோல் எடுத்தன். தங்கமான மனிசன். கொழும்பில இருந்து ராவோட ராவா வந்து, இந்தப் பக்கத்துக்கெண்டு வேற ஒண்டு கொண்டுவந்து, காலையில அவரே இருந்து போட்டுட்டார். உங்களுக்குச் சொல்ல வேணாமாம்."

எழுதியதை அழித்தேன். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை எல்லாம் போனது. அழித்து என்ன, போக வேண்டிய இடத்துக்கு அது எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

"இப்ப அவர் எங்க?"

"நமக்குப் பிளேன்டீ வாங்கப் போனவர். அந்தா, வாறார்."

திரும்பிப் பார்த்தேன். உதயரூபன் ஒரு கையில் தேத்தண்ணிப் பையோடு கடைப்படி ஏறிக்கொண்டிருந்தார். மற்றக் கையில் கைப்பேசி. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதை வாசித்துக்கொண்டே வந்தார்.