மூன்று ஜாதிப் பூச்சி

"உன் எலுமிச்சையில ஊர்ற புழுதான் பதுரு, என் வெத்தலையத் தின்னு தீக்குது. தொட்டிய எடுத்து உள்ள வை, இல்ல கீழ கொண்டுபோய்ப் போடு."

"செல்லக்கா, எலுமிச்சைப் புழு வெத்தலைய மோந்துகூடப் பாக்காது. தின்னா உங்க கறிவேப்பிலையத்தான் தின்னும். அது ஜம்முனு நிக்குதே?"

சிங்கப்பூர் புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக், எட்டாம் மாடித் தாழ்வாரம். கோடி வீட்டுச் சீன அங்கிள் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்றுவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை; செல்லக்கண்ணுவின் கை ஆடிய ஆட்டத்தில் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளே தாளம் போட்டுக் கதை சொல்லின.

விஷயம் சின்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வைஷாலிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வெங்கடேஷ், கணவர் மருதப்பனின் அக்கா மகன். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை, பெர்த்தில் வீடு. கல்யாணம் முடிந்தால் பெண்ணும் பெர்த்துக்குப் பறந்துவிடுவாள். அக்கா கேட்டதை மறுத்துப் பேச மருதப்பனுக்கு இந்த வயதிலும் வாய் எழும்பாது.

அந்த அக்கா பிடித்த பிடிதான் இது: மாற்றுகிற வெற்றிலை பெண்வீட்டுக் கொடியில் பறித்ததாக இருக்க வேண்டும், ஓட்டை விழுந்த இலை தட்டில் ஏறக்கூடாது, சகுனம் சரியில்லை. தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைப்பதெல்லாம் செல்லாது. ஏற்கெனவே இருமுறை ஓட்டையால் நாள் தள்ளிப்போனது. இந்த முறையும் போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு பதுருன்னிசா, புளோக்குக்குக் கீழே உள்ள தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டுப் பரிசு வாங்கியவள். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். சண்டையைப் பாதியில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில முட்டை இல்ல. எச்சம் இல்ல. நத்தை வந்தா பளபளன்னு கோடு விழும், அதுவும் இல்ல. ஆனா பாருங்க, நடுவுல அச்சு வச்ச மாதிரி வட்டம். ஓரத்துல பிறை மாதிரி கடி. இங்க பொடிப்பொடியா புள்ளி. மூணு ஜாதிப் பூச்சி லா."

"மூணா?" செல்லக்கண்ணுவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "மூணு எப்படி பதுரு? ஒண்ணுதானே இருக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல. வேப்பெண்ணெயில சோப்புத் தண்ணி கலந்து, வெயில் தாழ்ந்தப்புறம் இலைக்கு அடியில அடிச்சுப் பாருங்க."

வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த மருதப்பன் தலை நிமிராமல் சொன்னார். "நல்லா அடி செல்லம். அக்கா வந்து பாத்தா என் மானம் போயிடும்."

"ஆமாம்மா, நல்லா ஸ்பிரே பண்ணுங்க," என்றாள் வைஷாலி, தடித்த ஸ்டீல் ஸ்டிராவால் பபிள் டீயை உறிஞ்சியபடி.

அடித்தாள். தாழ்வாரமே வேப்பெண்ணெய் நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் புதிதாக வட்டங்கள், புதிதாகப் பிறைகள். புள்ளிகளைப் பற்றி செல்லக்கண்ணு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. வட்டமும் பிறையும்தான் அவள் மண்டையைக் குடைந்தன. சோற்றை வடிக்கும்போதும் வட்டம், படுக்கையில் புரளும்போதும் பிறை.

சனிக்கிழமை காலை பதுருன்னிசா கைப்பேசியோடு வந்து கதவைத் தட்டினாள்.

"சண்டை போட வரல செல்லக்கா. என் வாசல் மணியில கேமரா இருக்கே, நேத்துத்தான் ஞாபகம் வந்துச்சு. பூச்சி மாட்டிக்கிச்சு."

திரையில் வைஷாலி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குனிந்து, ஸ்டீல் ஸ்டிராவை இலையில் அழுத்தித் திருகினாள். அச்சு வைத்த மாதிரி வட்டம்.

செல்லக்கண்ணு மூச்சு விடுவதற்குள் அடுத்த படம். மருதப்பன். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, நகவெட்டியால் இலை ஓரத்தைக் கடித்தார். பிறை. ஓர் இலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அதையும் கடித்தார்.

"இவருமா?"

"அக்காகிட்ட காட்ட முடியாத வீரத்த வெத்தலைகிட்ட காட்டியிருக்காரு, பாவம்." பதுருன்னிசா செல்லக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் புள்ளி போடுற பூச்சி மட்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. எல்லாத்தையும் அழிச்சிடவா?"

"அழிச்சிடு," என்றாள் செல்லக்கண்ணு, வெகு வேகமாக.

ஞாயிற்றுக்கிழமை தட்டுக்கு ஓர் இலைகூடத் தேறவில்லை. அக்கா சொன்னபடியே வேறு இடம் பார்த்தாள். வெங்கடேஷ் பெர்த்திலேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். வைஷாலி அடுத்த வருஷம் கூட வேலை பார்க்கும் ஆதவனைக் கட்டிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் தெலோக் பிளாங்காவுக்குக் குடிபோனாள். அவர்கள் நிச்சயத்துக்கு வெற்றிலை தேக்காவில்தான் வாங்கினார்கள். சகுனத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கொடி இப்போது ஓர் ஓட்டையும் இல்லாமல் கதவு உயரத்துக்கு ஏறி நிற்கிறது. எல்லாம் வேப்பெண்ணெய் செய்த வேலை என்று மருதப்பன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். செல்லக்கண்ணுவும் ஆமாம் என்று தலையாட்டுகிறாள், அந்தப் புள்ளிகளைக் குத்திய ஊக்கைச் சங்கிலியோடு சேர்த்து முந்தானைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே.