எல்லைக்கு வெள்ளைத் தாள்

விஜயபாஸ்கர் மஞ்சள் தாளை எடுத்து ஓமான் எல்லை அதிகாரியிடம் நீட்டியதும் பக்கத்தில் நின்ற முகம்மது சித்தீக் பதறிப்போனார்.

மடையன், மாற்றிக் கொடுக்கிறான்.

சலாலாவில் சித்தீக் நடத்தும் பழம்பொருள் கடையில் எதை வாங்கினாலும் இரண்டு தாள் கிடைக்கும். மஞ்சள் தாள் வீட்டுக்கு. ‘அசல், முந்நூறு ஆண்டுப் பழமை’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் அடித்து, கடை முத்திரை குத்தியது. வெள்ளைத் தாள் எல்லைக்கு. ‘நகல், அலங்காரப் பொருள், கூர் இல்லாதது’ என்று மட்டும் இருக்கும்.

அசல் பழம்பொருளை அனுமதி இல்லாமல் ஓமானைவிட்டு வெளியே கொண்டுபோனால் கம்பி எண்ண வேண்டும். விற்றவனும் கூடவே எண்ண வேண்டும். நகலென்றால் ஒரு சலாம், ஒரு சிரிப்பு, கேட் திறந்துவிடும்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் இதைக் குழப்பியதில்லை. குழப்புவதற்கென்றே இந்த ஆள் துபாயிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சலாலாவின் சாரல் சீசனுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர் விஜயபாஸ்கர். கட்டட கான்ட்ராக்டர். கடைக்குள் கால் வைத்ததுமே, தான் பாளையக்காரர் வம்சம் என்று ஆரம்பித்துவிட்டார். இந்த மாதிரி ஆட்களை சித்தீக் நிறையப் பார்த்திருக்கிறார். வாய் நிறைய வம்சம் இருக்கும், வீட்டில் ஒரு வாள் இருக்காது.

கடையின் பின்கட்டில் வேலையாள் மூசா உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவித் துருவேற்றி வைத்திருந்த வாளை சித்தீக் எடுத்து, "உங்க பாட்டன் சொத்துதான் சார், கப்பல்ல இங்கிட்டு வந்துருச்சு" என்றார்.

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சள் தாளில் ‘பாளையக்கார வாள், வாரிசு விஜயபாஸ்கர்’ என்றும் சேர்க்கச் சொன்னார். சித்தீக் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்.

துபாயில் சித்தீக்குக்கும் ஒரு வேலை இருந்தது. ஓசிக் கார் கிடைக்கிறதே என்று தொற்றிக்கொண்டார். பத்து மணி நேரம் வம்சப் பெருமை கேட்டுக் காது புளித்துப்போனது. உம் கொட்டிக்கொண்டே மனசுக்குள் காறித் துப்பினார். நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி வடை வாங்கிக் கொடுத்து, கை துடைக்க மடித்த தாள் ஒன்றும் கொடுத்ததுதான் அந்த ஆள் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அதிகாரி மஞ்சள் தாளை இரண்டு தடவை படித்தார். வாளைப் பிரித்துத் துருவை விரலால் தடவினார். விற்றது யார் என்று கேட்டார்.

விஜயபாஸ்கர் பச்சைப்பிள்ளை மாதிரி சித்தீக்கைக் கை காட்டினார்.

சித்தீக் அவர் ஃபைலைப் பிடுங்கி வெள்ளைத் தாளைத் தேடினார். இல்லை. அதற்குக் கடையில் பிரதி வைக்கும் வழக்கமும் இல்லை.

"வல்லாஹி, டூப்ளிகேட்!"

தன் கடையிலேயே துருவேற்றிய போலி என்று அரபியிலும் இந்தியிலும் சத்தியம் செய்தார். வியாபாரத்தில் அவர் பேசிய முதல் உண்மை அதுதான்.

அதிகாரி நம்பவில்லை. அசலோடு பிடிபடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். தொல்பொருள் துறை சோதித்துச் சொல்லட்டும் என்று சித்தீக்கின் அடையாள அட்டையை வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

சோதிக்க எவ்வளவு நாளாகும் என்று விஜயபாஸ்கர் பணிவாகக் கேட்டார். ஆறு மாதமாவது ஆகும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வாள் பறிபோகிறது, பல்லைக் காட்டுகிறான். இப்படியும் ஒரு ஜென்மமா என்று சித்தீக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தானாகக் காட்டி ஒப்படைத்தவர் என்பதால் விஜயபாஸ்கர்மேல் வழக்கு இல்லை. கைகுலுக்கி, முத்திரை குத்திய ரசீதும் கொடுத்தார்கள். மஞ்சள் தாளைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தது. ‘முந்நூறு ஆண்டுப் பழமையான பாளையக்கார வாள், ஒன்று. ஒப்படைத்தவர்: வாரிசு விஜயபாஸ்கர்.’

அவர் அதைப் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். பிறகு பெஞ்சில் சித்தீக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணம், பாய். மாப்பிள்ளை வீடு நெசமாவே ஜமீன். வம்சத்துக்கு அத்தாட்சி கேட்டாங்க. உங்க கடைத் தாளை எவன் நம்புவான்? இது கவர்மென்ட் ரசீது."

சித்தீக் ரசீதை எட்டிப் பார்த்தார்.

"எங்க தாத்தா அரண்மனைக் குதிரைக்குப் புல்லு அறுத்தவரு" என்று சொல்லிவிட்டு, விஜயபாஸ்கர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. சித்தீக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த வெள்ளைத் தாளை மட்டும் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விஜயபாஸ்கர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"பெட்ரோல் பங்குல வடை தின்னுட்டுக் கை துடைச்சுப் போட்டீங்களே பாய், அதுதான்."