அரைக் கிலோமீட்டர்

குடும்பத்தில் யாருக்கு உடம்பு தாங்காதோ, அவருக்கேற்ற பாதையை மட்டுமே ஏலகிரிக் காட்டின் வாசலில் இருக்கும் மெஷின் திறக்கும். அது யாருக்காக என்று மட்டும் சொல்லாது. போன வருடம் பூங்கோதையின் குடும்பத்துக்கு உச்சிப் பாதை திறந்தது. இந்த முறை, கைக்குழந்தைக்காரர்கள் போகும் அரைக் கிலோமீட்டர் பாதைதான்.

"மெஷின் மக்கர் பண்ணுது," என்று பூங்கோதை மகள் மகிழினியை வாசல் முன் தனியாக நிற்க வைத்தாள். உச்சிப் பாதை திறந்தது. பிறகு பூங்கோதையே தனியாகப் போய் நின்றாள். அப்போதும் உச்சிப் பாதைதான்.

இருவரும் திரும்பிப் பார்த்தபோது, கணவன் குணாளன் குட்டிப் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தான்.

"வாங்க, இங்கயும் நல்ல நிழல்தான்."

காலையில் புளிசாதம் கட்டப் போன பூங்கோதையிடம் அவன் சொல்லியிருந்தான்: "சாப்பாடெல்லாம் வேணாம்மா, சீக்கிரம் திரும்பிடுவோம்."