படகுக்குப் போகாதவர்கள்

சங்கு ஊதியதும் பன்னிரண்டு பேரும் கடலில் குதித்தார்கள். குதித்தார்களே தவிர, படகுப் பக்கம் ஒருவன்கூடப் போகவில்லை.

பயிற்றுநர் பரமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமன்னாருக்கு வெளியே ஆறு கிழமையாக இதே கூத்து. கண்ணிவெடி வாரும் கப்பல் இது. யப்பான்காரன் போட்ட வெடி ஒன்றில் பட்டால் மூன்று நிமிடத்தில் தாழும். தாழும்போது பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து உள்ளே இழுக்கும். சங்கு கேட்டால் குதி, அந்தா நிற்கிற படகுக்கு நீந்து. பாடம் அவ்வளவுதான்.

அரிப்பு, வங்காலைக் கடற்கரைகளில் பிறந்தவன்களுக்கு நீச்சல் ஒரு பாடமா? ஆனால் ஒவ்வொரு முறையும் குதித்துவிட்டுக் கப்பலடியிலேயே, சரியாக அவர் நிற்கும் இடத்துக்குக் கீழே, கூட்டமாக மிதந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பான்கள். கெஞ்சிப் பார்த்தார். கெட்ட வார்த்தையாலும் ஏசிப் பார்த்தார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவர் மட்டும் குதிப்பதில்லை. பயிற்றுநர் மேலே நின்று மேற்பார்க்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்.

இன்று கடைசிச் சோதனை. மேல்தட்டில் வெள்ளைக்காரக் கப்டன் மணிக்கூட்டோடு நிற்கிறார். மூன்று நிமிடத்துக்குள் படகைத் தொடாவிட்டால் பன்னிரண்டு பேரும் வீட்டுக்கு. பரமநாதனின் சட்டைக்கைப் பதவிப் பட்டியும் போய்விடும். கடலில்லாத முருங்கனில் வயலுக்குள் நின்றவர், நாலு எழுத்து இங்கிலீசு தெரிந்ததால் வாங்கிய பட்டி அது.

ஒரு நிமிடம் போய்விட்டது.

"டேய் ஹலீம், உங்களுக்கென்ன விசரே? படகுக்குப் போங்கோடா!"

கப்பலோரக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கத்தினார்.

நேர் கீழே மிதந்த ஹலீம் வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினான். கப்டனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலை அடக்கிச் சொன்னான்.

"நீங்கள் குதியுங்கோ ஐயா. நீந்தத் தெரியாத ஆளை மேல விட்டிட்டு எங்கட கரையில ஒருத்தரும் போறேல்ல."

பரமநாதன் மேல்தட்டிலிருந்த கப்டனைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடமாகக் கடற்படைக்கே தெரியாமல் மறைத்த சங்கதி. இந்தக் கழுதைகளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

கீழே பன்னிரண்டு பேரும் வட்டமாக விலகி, நடுவில் ஓர் ஆள் விழ இடம் விட்டார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"சனியன்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே பரமநாதன் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும்.