கேப்டன் திரும்பி வந்த வாரம்

நான்காவது மொட்டைத் தலை வாசலில் வந்து நின்றபோது தாட்சாயணிக்கு எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து மூன்று பேர் திருமலையில் முடி கொடுத்துவிட்டு நேராக இந்த ஆபீசுக்கு வந்து, லட்டு கொடுத்து, அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

எல்லாம் கேப்டன் ரங்கையாவுக்காக. 'சனி வளையம்' என்ற விண்வெளித் தொடரின் கடைசிப் பகுதியில், கப்பலைக் காப்பாற்ற ஒற்றை ஆளாக உயிரை விட்டவர் அவர். அந்தச் சாவை எழுதியவள் தாட்சாயணி. எழுதி முடித்து ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள்.

அதிலிருந்து பிறந்த புதுத் தொடர் 'வளையத்தின் மகள்'. அப்பா இல்லாமல் கேப்டனின் மகள் எப்படிக் கப்பலை ஓட்டுகிறாள் என்பதுதான் தாட்சாயணி சொல்ல நினைத்த கதை. ரசிகர்கள் விட்டால்தானே! கேப்டன் உயிரோடு வந்தால் ஏழுமலையானுக்கு மொட்டை என்று கும்பல் கும்பலாக வேண்டிக்கொண்டார்கள். தயாரிப்பாளர் நாகபூஷணம், சாமிக்கு முந்திக்கொண்டு வரம் கொடுத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை முதல் பகுதியின் முடிவில் கேப்டன் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தார். எப்படி வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஊரே விசில் அடித்தது.

அன்றிலிருந்து தாட்சாயணி கண்ணை மூடினால் அவர் கட்டில் காலருகே வந்து நிற்கிறார். "நான்தான் போயிட்டேனே, எதுக்கும்மா எழுப்பினே?" என்கிறார். பகலிலும் நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கிறது. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயம்.

அதனால்தான் இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தாள். வந்தவர் அப்பா இல்லை. மகளின் ஏக்கத்தைப் பார்த்துக் கப்பலின் இயந்திரம் காட்டிய நிழல். அதைப் புரிந்துகொண்டு மகளே அவரை வழியனுப்பி வைக்கிறாள். சற்று முன்னால் நாகபூஷணம் போனில் கத்தியிருந்தார்.

"அந்த சீனைத் தூக்கிடும்மா. மூணு மணிக்கு ஸ்கிரிப்ட் எங்கிட்ட இருக்கணும். லாஜிக் எவனுக்கு வேணும்? செத்தவன் வந்தான், ஜனம் குஷியா இருக்குது, அயிபோயிந்தி, அவ்ளோதான் முடிஞ்சுது!"

இப்போது மணி இரண்டரை. வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் வேணு, ஊர் சத்தியவேடு, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை என்றான். மற்ற மூன்று பேரும் தலையில் மஞ்சளாகச் சந்தனம் பூசியிருந்தார்கள். இவன் தலையில் அது இல்லை. பஸ் வெயிலில் வியர்த்து வழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. மொட்டை எப்ப?"

"முந்தாநேத்து மேடம்." சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. ஆளுக்குக் கேப்டன் பக்தி முற்றிவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

"ஒண்ணு கேக்குறேன், நெசத்தைச் சொல்லுங்க. கேப்டன் எப்படித் திரும்பி வந்தாருன்னு நாங்க சொல்லவே இல்லையே. அது ஒரு குறையாத் தெரியலையா?"

"நமக்கு இன்னா மேடம் தெரியும்? வூட்ல அண்ணன் பொண்ணு ஒண்ணு இருக்குது, எட்டு வயசு. கேப்டன் வந்ததைப் பார்த்ததுலேர்ந்து குதிச்சிக்கினே இருக்குது. சோறுகூடத் துன்ன மாட்டேங்குது. இத்தினி நாளு வாயே தொறக்காத புள்ள மேடம்."

தாட்சாயணி கம்ப்யூட்டர் திரையில் அந்தக் காட்சியைத் திறந்தாள். ஒரு குழந்தை குதிக்கிறது. அதைக் கெடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. வழியனுப்பும் காட்சியை முழுவதுமாக அழித்து, மீதியை நாகபூஷணத்துக்கு அனுப்பினாள். மனசுக்குள் எதையோ புதைத்தது போல வலித்தது.

வேணு பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நீட்டினான். "பாப்பா குடுத்தனுப்பிச்சுது மேடம். உங்க கையால எழுதி வாங்கிக்கினு வரச் சொல்லுச்சு."

பெயரைக் கேட்டு, 'ஹர்ஷினிக்கு அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடியும் அவள் முன்னால் வைத்தான்.

"கையெழுத்து இல்ல மேடம், கேப்டனை எப்படித் திருப்பிக் கொண்ணாந்தீங்கன்னு எழுதித் தரணுமாம். முந்தாநேத்துதான் எங்க அண்ணனுக்குக் கருமாதி முடிச்சோம்... பாப்பா அவங்க நைனாவை அதே மாதிரி கூட்டிக்கினு வரப் போவுதாம்."