ஒருவரும் சேர்க்காத கார்டு

வன்னியில் போர் முடிந்த வாரம். டென்மார்க்கின் ஹேர்னிங்கில், அவரவர் சேர்த்த கார்டுகளோடு ஆடும் போட்டியின் இறுதிச் சுற்று. பிரியந்தனின் எதிராளி பெயர் பெர்னாண்டோ என்று போட்டிப் பட்டியலில் இருந்தது.

“ஹாய்” என்றான் அவன். பிரியந்தன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“சிங்களவன் மச்சான், விடாதை. அங்கை வெண்டவங்கள் இஞ்சை தோக்கட்டும்!” பின்னால் நின்ற றொஷான் தமிழில் உரக்கவே சொன்னான்.

“பொறு, ஒருத்தரும் சேர்க்காத கார்டொண்டு வைச்சிருக்கிறன்” என்றான் பிரியந்தன்.

குப்பையென்று எல்லோரும் ஒதுக்கும் அந்தக் கார்டு, பெர்னாண்டோவின் கையிலிருந்த நல்ல கார்டுகள் அத்தனையையும் வீச வைத்தது.

“இவங்களுக்கு இப்பிடித்தான் வேணும்!” வென்ற பிரியந்தன் சிரித்தான்.

தோற்றவனின் கைபேசி அடித்தது.

“ஓம் அம்மா... அகதி முகாம் பட்டியலிலை அக்கான்ரை பேர் இல்லையோ? அழாதேங்கோ, வாறன்.”

எழுந்தவன் அதே தமிழில் மெதுவாகக் கேட்டான்.

“நாங்கள் மன்னார். நீங்கள் எவடம், அண்ணை?”

பிரியந்தன் வென்ற கார்டை மேசையில் கவிழ்த்து வைத்தான்.