முப்பத்தைந்துக்கு மேல்

புந்தோங்கில் அண்ணன் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் வரன்களைக் கணினியில் ஏற்றுவது கலாதேவியின் வேலை. "என் பேரையும் போட்டுக்கவா?" என்று நேற்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தாராளமா போடும்மா" என்றார் அண்ணன்.

இன்று போட்டாள். வயது முப்பத்தெட்டு என்று அடித்ததும் திரை ஏற்க மறுத்தது.

மென்பொருள் எழுதிய யுகேந்திரனைப் போனில் பிடித்தாள்.

"தம்பி, சிஸ்டம் ரோசாக் லா, கெட்டுப்போச்சு! போன மாசம் நாப்பது வயசுப் பொண்ண வாங்கிக்கிச்சே?"

"ரோசாக் இல்லக்கா. பொண்ணுங்க வயசு முப்பத்தஞ்சுக்கு மேல போனா டேட்டாபேஸ் இனிமே வாங்காது. நேத்து ராத்திரிதான் அந்த வரம்பப் போட்டேன்."

"யாரு சொல்லி?"

"உங்க அண்ணன்தான்."

போனை வைத்துத் திரும்பினாள். அண்ணன் நின்றிருந்தார்.

"பதிவாகலையா? சரி, விடும்மா. வீட்டுக்குப் போ. படுத்த படுக்கையா கெடக்குற அம்மாவுக்குக் கஞ்சி குடுக்க உன்ன விட்டா யாரு இருக்கா?"